ஓட்டைகளைப் படிக்கும் மருத்துவர்

மூக்கை எடுப்பாக்கவோ ஒட்டிய கன்னத்தை நிரப்பவோ ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்கு, சில மாதங்கள் கழித்து அதே இடத்தில் கெட்டியான கட்டி தோன்றுகிறது. அது என்ன? தொட்டுப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1899இல் வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி என்ற அறுவை மருத்துவர், உடலில் குறைபட்ட இடத்தை நிரப்ப பாரஃபினை ஊசி வழியாகச் செலுத்தினார். பாரஃபின் எளிதில் எதனோடும் வினைபுரியாது; அதனால் ஆபத்தில்லை என்று நம்பினார்கள். முகச் சுருக்கத்துக்கும் மூக்குக்கும்கூட அதைப் பயன்படுத்தினார்கள். நாளடைவில் பலருக்குக் கட்டிகள் முளைத்தன.

பொருள் சும்மா கிடந்தாலும் உடல் சும்மா இருப்பதில்லை. அந்நியப் பொருளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் உயிரணுக்கள் அங்கே விரைகின்றன. விழுங்க முடியாத அளவு பெரிதென்றால், அவை ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட இராட்சத உயிரணுக்களாகி அதைச் சூழ்ந்துகொள்கின்றன. இப்படி உருவாகும் கட்டிதான் கிரானுலோமா.

கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்து, மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சீவலைத் தயாரிக்கும்போது பயன்படும் சைலீன் பாரஃபினைக் கரைத்துவிடும். பொருள் போய்விடும், அது இருந்த இடம் மட்டும் ஆப்பத்தின் நடுப்பகுதி போல ஓட்டை ஓட்டையாகத் தெரியும். அந்த வெற்றிடங்களே துப்பு! டால்க் துகளோ தையல் நூலோ உள்ளே இருந்தால், முனைவாக்கப்பட்ட ஒளியில் அவை பளிச்சென்று மின்னும்.

ஆனால் கிரானுலோமா என்று தெரிந்ததும் வேலை முடிவதில்லை. காசநோய்க் கிருமியின் உறவினரான மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் நீரிலும் மண்ணிலும் வாழ்வது. சரியாகத் தூய்மை செய்யாத கருவி வழியே அது உடலுக்குள் புகுந்தாலும் இதே மாதிரிக் கட்டி வரும். அந்நியப் பொருளால் வந்த கட்டிக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது வழக்கம். அதையே கிருமியால் வந்த கட்டிக்குப் போட்டால், உடலின் எதிர்ப்பு அடங்கி, தொற்று பரவும். அதற்குத் தேவை, மாதக்கணக்கில் தொடரும் கூட்டு ஆன்டிபயாடிக் மருந்துகள்.

சாதாரணக் கிருமி வளர்ப்புச் சோதனையை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுவார்கள். பெரும்பாலான கிருமிகளுக்கு அது போதும். இந்தக் கிருமி கண்ணுக்குத் தெரியும் அளவு வளர ஒரு வாரம்கூட ஆகலாம். ஆகவே சந்தேகப்படும் மருத்துவர், ‘மைக்கோபாக்டீரியத்துக்கும் சோதிக்கவும்’ என்று படிவத்தில் எழுதி அனுப்புவார். அந்த ஒரு வரி இல்லையென்றால், ‘கிருமி இல்லை’ என்று அறிக்கை வந்துவிடும். கிருமியோ கட்டிக்குள் இருக்கும்.