ராடாரின் கண்ணை மறைக்கும் ஒரு வாட்

கரீபியன் கடலில் அமெரிக்காவின் ஆட்சிப்பகுதியான போர்ட்டோ ரிக்கோ தீவின் தலைநகர் சான் ஹுவான். 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அங்குள்ள விமான நிலையத்துக்காக இயங்கும் வானிலை ராடாரின் திரையில் விசித்திரமான கோடுகள் தெரியவந்தன. ராடார் நிற்கும் புள்ளியில் கிளம்பி, திரையின் விளிம்புவரை நேராக நீளும் கீற்றுகள். மேகம் என்றால் நகரும், கலையும், உருமாறும். இந்தக் கீற்றுகளோ ஒரே திசையில் அசையாமல் நின்றன. அந்தத் திசையில் ஏதோ ஒரு கருவி, ராடாரின் அலைவரிசையிலேயே ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். தேடிப் போனபோது அகப்பட்டவை, கோபுரங்களிலும் கட்டட உச்சிகளிலும் இணைய சேவைக்காகப் பொருத்திய கம்பியில்லாக் கருவிகள். நம் வீட்டு வைஃபை ரவுட்டரின் நெருங்கிய உறவுக்காரர்கள்.

இது ஏன் கவலைக்குரியது என்று புரிய, அந்த ராடார் எதற்காகக் கட்டப்பட்டது என்று தெரிய வேண்டும். 1975-இல் நியூயார்க்கில், 1982-இல் நியூ ஆர்லியன்ஸ் அருகே, 1985-இல் டல்லாஸில் என்று அமெரிக்காவில் அடுத்தடுத்துப் பெரிய விமானங்கள் விழுந்தன. மூன்றிலும் சேர்த்துச் சுமார் நானூறு பேர் இறந்தார்கள். இயந்திரக் கோளாறு ஏதுமில்லை. கொன்றது காற்று. இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று ஒரு தூண் போலக் கீழே கொட்டி, தரையில் மோதி, எல்லாப் பக்கமும் சிதறி ஓடும். ‘மைக்ரோபர்ஸ்ட்’ என்று இதற்குப் பெயர் வைத்தவர் ஜப்பானில் பிறந்து சிகாகோவில் ஆய்வு செய்த டெட் ஃபுஜிட்டா. இதற்குள் நுழையும் விமானத்துக்கு முதலில் எதிர்க்காற்று கிடைக்கும்; இறக்கைகளில் தூக்குவிசை கூடும். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று விமானி விசையைக் குறைப்பார். அடுத்த சில விநாடிகளில் மேலிருந்து காற்று அழுத்தும். உடனே பின்னாலிருந்து தள்ளும் காற்று வந்து, இறக்கைகளின் மேல் பாயும் காற்றின் வேகத்தைப் பறித்துவிடும். தரையிறங்கும் நேரமென்றால் சமாளிக்க உயரமே இருக்காது.

1983 ஆகஸ்ட் 1 அன்று வாஷிங்டன் அருகே ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில், அதிபர் ரேகன் வந்த விமானம் இறங்கிய சில நிமிடங்களில் இப்படியொரு மைக்ரோபர்ஸ்ட் ஓடுபாதையைத் தாக்கியது. காற்றின் வேகம் மணிக்கு சுமார் 240 கிலோமீட்டர் பதிவானது.

ஃபுஜிட்டா சொன்னதைச் சக அறிவியலாளர்கள் பலர் முதலில் நம்பவில்லை. டல்லாஸ் விபத்துக்குப் பிறகு சந்தேகிக்க இடமில்லாமல் போனது. எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வுக்கூடத்தின் உழைப்போடு, விமான நிலையங்களுக்கென்றே தனி டாப்ளர் ராடார் உருவானது. 1994 முதல் ஒவ்வொன்றாகச் செயல்பாட்டுக்கு வந்து, இன்று 45 இருக்கின்றன. அதே 1994 ஜூலையில் சார்லட் நகரில் மைக்ரோபர்ஸ்ட்டில் சிக்கி ஒரு விமானம் விழுந்து 37 பேர் இறந்தார்கள். அங்கே வரவேண்டிய ராடார் தாமதமாகியிருந்தது.

இந்த ராடார் 250 கிலோவாட் உச்சத் திறனுள்ள துடிப்புகளை, அரை டிகிரி அகலமே உள்ள ஊசிக்கற்றையாக அனுப்புகிறது. மழைத்துளியிலும் தூசியிலும் பட்டு எதிரொலி திரும்புகிறது. அதன் அதிர்வெண்ணில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தை அளந்து, காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று கணக்கிடுகிறது. போகும்போது இருக்கும் பிரம்மாண்டம் வரும்போது இருக்காது. திரும்பும் எதிரொலி ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கலாம். அதைக் கேட்கத்தான் 7.6 மீட்டர் விட்டமுள்ள அந்தப் பெரிய கிண்ணம்.

அங்கேதான் சிக்கல். எதிரொலியைப் பெருக்கித் தரும் கிண்ணம், அந்தத் திசையிலிருந்து வரும் எதையும் பெருக்கித் தரும். 30 கிலோமீட்டருக்கு அப்பால், நேர்ப்பார்வையில் இருக்கும் மலையுச்சியிலிருந்து, ஒரே ஒரு வாட் திறனுள்ள வைஃபை கருவி ராடாரின் அலைவரிசையில் இயங்குவதாக வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டுப் பார்த்தால், ராடார் ஏற்பியின் உள்ளிரைச்சலைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் அது ஓங்கி ஒலிக்கும். பக்கத்தில் ஒருவர் மேளம் அடிக்கும்போது தொலைவிலிருப்பவரின் முணுமுணுப்பைக் கேட்க முயல்வது போல. அந்தக் கோட்டில் மைக்ரோபர்ஸ்ட் இருந்தாலும் ராடாருக்குத் தெரியாது.

இரண்டும் ஒரே அலைவரிசைக்கு வந்தது எப்படி? ராடார் பயன்படுத்துவது 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரை. வைஃபை வேகமாகப் பரவி இடம் போதாமல் தவித்த காலத்தில், 2003-இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலித் தொடர்பு மாநாடு 5470 முதல் 5725 வரையுள்ள பரப்பை வைஃபைக்கும் திறந்துவிட்டது. நிபந்தனை ஒன்றுண்டு. கருவி முதலில் ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். ராடார் துடிப்பு கேட்டால் அந்த சேனலைத் தொடக்கூடாது. இயங்கும்போது கேட்டால் பத்து விநாடிக்குள் விலகி, அரைமணி நேரம் அந்தப் பக்கம் வரக்கூடாது. டி.எஃப்.எஸ். என்று அழைக்கப்படும் இந்த ஏற்பாடு அருமையான யோசனை என்றே எனக்குத் தோன்றுகிறது. உரிமம் வேண்டாம், கட்டணம் வேண்டாம், ராடாருக்கு வழிவிட்டால் போதும்.

நடைமுறையில் வழிவிடுவது சங்கடமானது. மலைக்கிராமங்களுக்கு இணையம் கொடுக்கும் சிறு நிறுவனத்தை நினைத்துப் பாருங்கள். ராடார் துடிப்பு கேட்டதும் இணைப்பு அறுந்து வேறு சேனலுக்கு ஓடும்; வாடிக்கையாளர்கள் போனில் கத்துவார்கள். கருவியின் மென்பொருளிலோ டி.எஃப்.எஸ்ஸை அணைக்க ஒரு தேர்வு இருந்தது. அல்லது நாட்டின் பெயரை மாற்றிவிட்டால், அந்த நாட்டு விதிப்படி கருவி காதை மூடிக்கொள்ளும். ஒரு கிளிக். கெட்ட எண்ணம் எதுவும் தேவைப்படவில்லை. ஆனாலும் இதை அறியாமை என்று மட்டும் சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை. தடையில்லா இணைப்பு விற்றவர்கள், அந்தத் தடை ஏன் வைக்கப்பட்டது என்று ஒருமுறை கேட்டிருக்கலாம்.

திரையில் தெரிந்த கீற்றே திசையைக் காட்டிக்கொடுத்தது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் அதிகாரிகள் திசையறியும் ஆன்டெனாவோடு வண்டியில் போய், கோபுரம் கோபுரமாகத் தேடினார்கள். கொலராடோவின் போல்டரிலுள்ள அரசு ஆய்வகப் பொறியாளர்கள் சான் ஹுவானில் நேரில் அளந்து பார்த்தார்கள். அனுமதியில்லாத கருவிகளும், டி.எஃப்.எஸ். அணைக்கப்பட்ட கருவிகளும் மட்டும் குற்றவாளிகள் அல்ல என்பதும் தெரிந்தது. ஒழுங்காகச் சான்று பெற்ற சில கருவிகளுக்கே இந்த ராடாரின் துடிப்பைச் சரியாக அடையாளம் காணத் தெரியவில்லை. கருவி தானே ஒலிபரப்பும்போது கேட்க முடியாது; இடைவெளிகளில்தான் கேட்க வேண்டும். ராடாரின் ஊசிக்கற்றையோ சுழன்றபடி ஒரு கணம் மட்டும் தொட்டுவிட்டுப் போகும்.

2010 ஜூலையில் எஃப்.சி.சி. தயாரிப்பாளர்களுக்கும் சேவை நிறுவனங்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ராடாரிலிருந்து 35 கிலோமீட்டருக்குள் கருவி வைப்பவர்கள், அதன் அலைவரிசையிலிருந்து குறைந்தது 30 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இயக்க வேண்டும் என்பது அறிவுரை. அபராதங்கள் தொடர்ந்தன; பத்தாண்டு கழித்தும் போர்ட்டோ ரிக்கோ நிறுவனங்களுக்கு 25,000 டாலர் கேட்டு நோட்டீஸ் போனது. அபராதத்தைவிட 2014-இல் வந்த விதிமாற்றமே உருப்படியானது. வாங்குபவர் டி.எஃப்.எஸ்ஸை அணைக்க முடியாதபடி மென்பொருளைப் பூட்டும் பொறுப்பு தயாரிப்பாளருடையது என்று அது சொன்னது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் இன்னும் எளிய வழியில் போயின: 5600 முதல் 5650 வரை வைஃபைக்கே இடமில்லை. வானிலை ராடார்கள் பெரும்பாலும் இந்தப் பட்டையிலேயே இயங்கும் ஐரோப்பாவில், வானிலைத் துறைகள் இதே கீற்றுகளோடு பல ஆண்டுகளாக மல்லுக்கட்டுகின்றன.

இந்தியாவில் 2018 அக்டோபரில் இதே பரப்பு உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. சென்னைத் துறைமுகத்திலும் காரைக்காலிலும் புயலைக் கண்காணிக்கும் ராடார்கள் பத்து சென்டிமீட்டர் அலைநீளம் கொண்டவை. அவை வேறு பட்டையில் இயங்குவதால் இந்தக் கருவிகளால் நேரடி ஆபத்தில்லை. டெல்லியிலுள்ள ராடார்களில் ஒன்றும் ஜெய்ப்பூர் ராடாரும் ஐந்து சென்டிமீட்டர் வகை. வைஃபையின் பக்கத்து வீடு.

கல்லூரி வளாகத்துக்கோ ஆலைக்கோ மாடிக்கு மாடி கம்பியில்லா இணைப்பு போடுபவர்கள் நம் ஊரிலும் பெருகிவிட்டார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கருவியை அமைக்கும்போது நாடு எது என்று கேட்கும் இடத்தில் உண்மையான நாட்டையே குறிப்பிடுங்கள். டி.எஃப்.எஸ்ஸை அணைத்துத் தருகிறேன் என்று விற்பவர் சொன்னால், அந்தக் கருவியை வாங்காதீர்கள்.