ஊதாக் கிழங்கும் உடலில் சேரும் இரும்பும்

மலைகளின் சமையற்கட்டு – 9

ஆண்டீஸ் மலைத்தொடரின் தானியங்களைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே மலைகளின் கிழங்கு, பயறு, பழம் ஆகியவற்றுக்கு இப்போது வருவோம். பெரு, பொலிவியா நாடுகளில் 3,500 மீட்டருக்கு மேலே, இரவில் உறைபனி விழும் சரிவுகளில், கெச்சுவா, அய்மாரா உழவர்கள் வளர்த்துக் காத்துவரும் பயிர்களே இவற்றில் பெரும்பாலானவை. ஆண்டீஸின் நாட்டு உருளைக்கிழங்கு மட்டும் 4,000 வகைக்கு மேல். அதன் அருகிலேயே மாஷுவா, ஓகா போன்ற கிழங்குகளும், தர்வி என்னும் கசப்புப் பயறும் விளைகின்றன. சற்றுத் தாழ்ந்த சரிவுகளில் அகுவாய்மாந்தோ என்னும் பொன்னிறப் பழம் காய்க்கிறது. நம் வயல் வரப்பில் முளைக்கும் சொடக்குத் தக்காளிக்கு நெருங்கிய உறவான இந்தச் செடி நீலகிரியிலும் வளர்கிறது. இன்று இவற்றையெல்லாம் ‘ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது’ என்ற ஒரே முத்திரையைக் குத்தி உலகச் சந்தை விற்கிறது. இந்த உணவுகளின் அருமையை அளக்க அது தவறான அளவுகோல் என்பதே என் வாதம்.

மலை உச்சியில் புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கும், குளிரும் வாட்டும். அவற்றைத் தாங்கச் செடி தனக்காகச் செய்துகொள்ளும் காப்புகளில் ஒன்று ஆந்தோசயனின் போன்ற நிறமி. ஊதா உருளையிலும் கருநீல மாஷுவாவிலும் இருப்பது அதுதான். சோதனைக் குழாயில் இந்த நிறமி ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் நாம் உண்பதில் மிகச் சிறிய பங்கே மாறாமல் இரத்தத்தில் சேர்கிறது. உணவுகளை ஆன்டிஆக்ஸிடன்ட் திறனால் வரிசைப்படுத்தி அமெரிக்க வேளாண் துறை ஒரு பட்டியல் வைத்திருந்தது. அந்த எண்களுக்கும் மனித உடல்நலத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று சொல்லி 2012இல் அத்துறையே அதை விலக்கிக்கொண்டது. அதற்கு முன்பே, 1994இல், ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரிடம் நடந்த ஆய்வு பேரதிர்ச்சி தந்தது. இன்னொரு ஆன்டிஆக்ஸிடன்டான பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது.

மலைக் கிழங்கைப் பற்றியே நேரடிச் சான்றும் உண்டு. ஐசோடோப்பு அடையாளமிட்ட இரும்பைக் கொண்டு பெரு நாட்டுப் பெண்களிடம் நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. மஞ்சள் உருளையின் இரும்பில் ஏறத்தாழ 28 விழுக்காடு உடலில் சேர்ந்தது. இரும்புச்சத்து கூடுவதற்காகவே தேர்ந்து வளர்த்த ஊதா உருளையிலிருந்து சேர்ந்தது 13 விழுக்காடுதான். காரணம் பெரும்பாலும் பாலிஃபீனால்கள். ஆன்டிஆக்ஸிடன்ட் என்று நாம் கொண்டாடும் அதே பொருள்கள் குடலில் இரும்பைப் பற்றிக்கொண்டு உள்ளே விடாமல் தடுக்கின்றன. ஆனால் வைட்டமின் சி-யும் ஆன்டிஆக்ஸிடன்ட்தான். அது நேர்மாறாக இரும்பு சேர உதவுகிறது. ஒரே முத்திரை தாங்கிய இரண்டு பொருள்கள் ஒரே சத்தின் விஷயத்தில் எதிரெதிராக வேலை செய்கின்றன என்றால், அந்த முத்திரையைப் பார்த்து உணவைத் தேர்ந்தெடுப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

அப்படியானால் இந்த உணவுகளின் உண்மையான வலிமை எது? தர்வியைப் பாருங்கள். உலர்ந்த விதையில் 40 விழுக்காட்டுக்கு மேல் புரதம். ஏறத்தாழ 20 விழுக்காடு எண்ணெய். சோயாவோடு போட்டி போடும் பயறு இது. ஆனால் ஆல்கலாய்டு நச்சு இருப்பதால் பறித்த கையோடு உண்ண முடியாது. ஊறவைத்து, வேகவைத்து, ஓடும் நீரில் பல நாள் போட்டுக் கசப்பை வெளியேற்ற வேண்டும். அப்படிப் பதப்படுத்திய பயறோடு வெங்காயமும் தக்காளியும் சேர்த்து எலுமிச்சை பிழிந்து உண்பது பெருவின் அன்காஷ் பகுதியில் வழக்கம். பயற்றின் இரும்பை உடல் ஏற்க எலுமிச்சையின் வைட்டமின் சி துணை செய்கிறது. தானியப் புரதத்தில் குறைவான லைசின் தர்வியில் தாராளம். தர்வியில் குறைவான கந்தக அமினோ அமிலங்களைத் தானியம் ஈடுசெய்கிறது. இன்னொரு சான்று சுன்யோ. கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைப்பார்கள். இதில் வைட்டமின் சி பெரும்பாலும் அழிந்துவிடும். ஆன்டிஆக்ஸிடன்ட் கணக்குப்படி இது தோற்றுப்போன உணவு. ஆனால் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருந்து, விளைச்சல் பொய்த்த காலத்தில் குடும்பத்தைக் காப்பாற்றுவது இதுதான்.

‘பழமும் காய்கறியும் நிறைய உண்பவர்களுக்கு இதய நோய் குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றனவே’ என்று கேட்கலாம். சொல்கின்றன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பயன் முழு உணவுக்கு உரியது. நார்ச்சத்து, பொட்டாசியம், ஃபோலேட், இன்னும் எத்தனையோ அதில் சேர்ந்திருக்கின்றன. அதிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்கினால் அதே பயன் வரும் என்ற நம்பிக்கையைத்தான் ஃபின்லாந்து ஆய்வு உடைத்தது.

இதைவிடக் கூர்மையான மறுப்பும் உண்டு. இவ்வளவு நல்ல உணவு இருந்தும் பெருவின் மலைநாட்டுக் குழந்தைகளிடம் இரத்தசோகை ஏன் அதிகம்? உயரத்துக்கேற்ப ஹீமோகுளோபின் அளவைத் திருத்திக் கணக்கிடும் முறையில் சர்ச்சை இருக்கிறது. ஆனாலும் சிக்கல் உண்மையானது. வேகமாக வளரும் குழந்தைக்குக் கிழங்கில் உள்ள சிறிதளவு இரும்பு போதாது. இறைச்சியும் பயறும் தட்டில் குறைந்து, குடல் தொற்று அடிக்கடி வந்தால் நிலைமை மோசமாகும். மரபு உணவு என்பதாலேயே அது முழுமையாகிவிடாது. கிழங்கோடு பயறும் பழமும் இறைச்சியும் சேரும்போதே அது முழுமை பெறுகிறது.

‘இந்த முத்திரையால்தானே உழவருக்கு நல்ல விலை கிடைக்கிறது’ என்பது மூன்றாவது வாதம். ஆண்டீஸ் தானியமான கினோவாவின் விலை ஏறிய காலத்தில் உழவர் குடும்பங்கள் பயனடைந்தது உண்மை. ஆனால் 2014க்குப் பிறகு அந்த விலை சரிந்தபோது தாங்கிப் பிடிக்க யாரும் இல்லை. மேலும் சந்தை கேட்பது அடர்ந்த நிறமும் ஒரே அளவும் கொண்ட சில வகைகளை. ஒரே வயலில் பல வகைகளைக் கலந்து நட்டு, பனிக்கும் நோய்க்கும் ஒன்று தப்பினாலும் போதும் என்று வாழ்ந்த உழவுக்கு அது பொருந்தாது. நல்ல விலை வேண்டும்தான். அது பல வகை விளைச்சலுக்கும் பள்ளி உணவில் சேரும் தர்விக்கும் கிடைக்கட்டும்.

எனவே அடுத்த முறை ஏதாவது மலைப்பழப் பொடியின் உறையில் ஆன்டிஆக்ஸிடன்ட் எண்ணைக் கண்டால், மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதில் எவ்வளவு உடலில் சேரும்? எதோடு சேர்த்து உண்ண வேண்டும்? விளைவித்தவர் வீட்டுத் தட்டில் இது இருக்கிறதா? இவற்றுக்கு விடை சொல்லாத எண்ணுக்காக உங்கள் பணத்தைச் செலவிட வேண்டாம்.

(தொடரும்)