கடலின் மூச்சை அளத்தல்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமை அதன் ஆழத்தினால் வந்தது. கொட்டியாரக் குடாவினுள்ளேயே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கொன்று, கரையைவிட்டு அதிகம் விலகாமலே ஆயிரம் மீற்றருக்கும் கீழே இறங்கிச் செல்கின்றது. அதே குடாவிலேதான் 335 கிலோமீற்றர் ஓடிவந்த மகாவலி கங்கையும் கலக்கின்றது. ஆழ்கடலும் ஆற்று வெள்ளமும் இவ்வாறு அடுத்தடுத்து வாழும் ஓரிடத்தில், கடல் தன் மேலுள்ள வளியிலிருந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கின்றதா, வெளியே விடுகின்றதா? கேள்வி எளிது. விடை கரையில் நின்று நோக்கிச் சொல்லக்கூடியதன்று.

பாடநூல்கள் காபனீரொட்சைட்டு என வழங்கும் இவ்வாயு, 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கப்பட்டபோது வளியின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்காக இருந்தது. 2024இல் அது 420ஐத் தாண்டிவிட்டது. மனிதர் வெளிவிடுவதில் ஏறக்குறைய காற்பங்கைக் கடல் ஏற்றுக்கொள்கின்றது. அது நமக்கு உபகாரமே. ஆனால் கடலுக்கு அன்று. கரைந்த வாயு அமிலமாகி, முருகைப் பூச்சிகள் தம் கற்கூட்டைக் கட்டுவதற்கு வேண்டிய காபனேற்றைக் குறைத்துவிடுகின்றது. நிலாவெளிக்கு எதிரே, 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவின் முருகைக்கற்பார்களும், அவற்றை அண்டி வாழும் மீன்களும் இவ்விரசாயனக் கணக்குக்குப் புறம்பானவை அல்ல.

ஆய்வுக்கப்பலில் இதனை அளக்கும் முறை வியப்பானது. கப்பல் ஓடும்போதே, அதன் அடிப்பாகத்துத் துளையொன்றின் வழியாகக் கடல்நீர் இடையறாது இறைக்கப்படுகின்றது. மூடிய கலமொன்றினுள் அந்நீர் பூமழைபோலச் சிதறி விழும். கலத்தினுள் அடைபட்டிருக்கும் சிறிதளவு வளி, நீருடன் வாயுவைக் கொடுத்தும் வாங்கியும் சமநிலையை எய்தும். பின்னர் அளக்கப்படுவது நீரன்று; அந்த வளியே. அதனூடு செந்நிறக்கீழ்க் கதிரைச் செலுத்தினால், காபனீரொட்சைட்டு எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்குக் கதிர் விழுங்கப்படும். வெளிவளியின் அளவையும் அதே கருவி இடையிடையே பார்க்கும். நீரின் அமுக்கம் மிகுந்தால் கடல் வாயுவை வெளிவிடுகின்றது, குறைந்தால் உள்வாங்குகின்றது.

இங்கே ஏமாறுவது மிக எளிது. நீர் ஒரு பாகை சூடேறினால் அதன் வாயு அமுக்கம் நூற்றுக்கு நான்கிற்கு மேல் உயரும். குழாயில் வரும் வழியில் ஏறும் சூட்டைக் கணக்கிற் கொள்ளாவிடின், 400 என்பது 417 ஆகிவிடும். வாயுவை உண்மையில் உள்வாங்கும் கடலும் அப்போது வெளிவிடுவதாகத் தோன்றக்கூடும். கப்பலின் புகைபோக்கியும் ஓர் எதிரியே. ஆதலின் வெளிவளியை முன்னணியத்திலிருந்து எடுப்பர். அளவு தெரிந்த வாயுவைக் கொண்டு கருவியை அடிக்கடி சரிபார்ப்பர்.

இந்து சமுத்திரத்தில் இவ்வேலை புதியதன்று. சர்வதேச இந்து சமுத்திர ஆய்வு நிகழ்ந்த காலத்தில், 1962-63இல், லூசியாட் பயணத்தின்போது கீலிங் என்னும் அமெரிக்க அறிஞரின் ஆய்வுகூடத்தார் மேற்பரப்பு நீரை அளந்தனர். 1991இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் வங்காள விரிகுடாவின் பல பகுதிகளில் நீரின் அமுக்கம் வளியினதிலும் குறைந்திருக்கக் கண்டனர். 2013இல் அவ்விரிகுடாவின் நடுவே அளவு மிதவையொன்றும் நிறுத்தப்பட்டது. ஆனால் அது திருகோணமலையிலிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. நடுக்கடலின் கணக்கைக் கரைக்கு எழுதிவிட முடியாது.

ஏனெனில் கரையின் இயல்பு வேறு. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் ஆற்றுநீர் பரவிக் கடலின் உவர்ப்பைத் தணிக்கும். அது கொணரும் இலைகுழைகள் அழுகி வாயுவைப் பெருக்கும். அதே வெள்ளம் தரும் ஊட்டத்தினால் நுண்பாசிகள் செழித்தால் வாயு குறையும். தென்மேல் பருவக்காற்றின்போது இலங்கைக்குக் கிழக்கே கடல்நீர் சுழன்று, வாயு மிகுந்த குளிர்ந்த ஆழ்நீரை மேலெழுப்புகின்றது. எனவே ஒரு மாதத்து அளவை ஆண்டு முழுவதற்கும் பொருத்துவது பிழை.

கப்பலும் எங்கும் போய்விடாது. புறாத்தீவின் பார்களை அது நெருங்க இயலாது. அங்கே வள்ளமும் போத்தலுமே துணை. போத்தலில் அடைத்த நீரில் நுண்ணுயிர்கள் தொடர்ந்து மூச்சுவிட்டு அளவைக் கெடுக்காதபடி சிறிது இரச உப்பு இடப்படும். பின்னர் ஆய்வுகூடத்தில் அந்நீரின் காரத்தன்மையையும் மொத்தக் காபனையும் கண்டு, வாயு அமுக்கத்தைக் கணக்கிடுவர். பாரில் வாழும் உயிர்கள் இரவெல்லாம் வாயுவை வெளிவிடும். பகலில் பாசிகள் அதனை உண்ணும். ஆகையால் போத்தலை நிரப்பச் செல்வோர், விடியுமுன் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் அதே இடத்துக்கு வள்ளம் வலிக்க வேண்டும்.