பழைய மெனு எங்கே போச்சு? வேர்ட் 2007 சொல்லித் தர்ற பாடம்

போன எபிசோட் கேட்டுட்டு நிறைய பேர் ஒரே மாதிரி கேள்வி அனுப்பியிருந்தீங்க. "நல்லா ஓடிட்டு இருக்கிற சாஃப்ட்வேரோட முகத்தை ஏன் மாத்துறாங்க? மாத்தினா ஏன் எல்லாரும் திட்டுறாங்க?" இதுக்கு ஒரே ஒரு உதாரணத்தை எடுத்து ஆழமா பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 2007.

வேர்டைத் திறந்தா மேல ஹோம், இன்சர்ட்னு டேப்கள் இருக்கும். அதுக்குக் கீழ பெருசும் சிறுசுமா பட்டன்கள். இதுக்குப் பேரு ரிப்பன். உங்கள்ல பல பேர் முதல்ல பார்த்த வேர்டே இதுதான். ஆனா 2007 ஜனவரி கடைசி வரைக்கும் கடையில வாங்கின வேர்டுல இது கிடையாது. ஃபைல், எடிட், வியூன்னு மெனுக்கள், அதுக்குக் கீழ குட்டிக் குட்டி ஐகான்களோட டூல்பார். அவ்வளவுதான்.

எதுக்கு மாத்தினாங்க?

சும்மா அழகுக்காக மாத்தலை. வேர்டோட முதல் விண்டோஸ் பதிப்புல சுமார் 100 கமாண்டுகள்தான். வேர்ட் 2003 வர்றப்போ அது 1,500-ஐத் தாண்டிடுச்சு. டூல்பார் மட்டும் 31. ஒவ்வொரு பதிப்புலயும் புது வசதி சேரும். அதை வைக்க ஒரு மெனு வரியோ டூல்பாரோ கூடும். ரெண்டு ரூம் வீட்டுல இருபது வருஷச் சாமானை அடைச்சு வச்ச மாதிரி ஆயிடுச்சு.

அந்த யூஐ டீம்ல முக்கியமானவர் ஜென்சன் ஹாரிஸ். ரிப்பன் பிறந்த கதையை அவரே விரிவா எழுதியும் பேசியும் இருக்கார். அதுல ஒரு விஷயம் சுவாரசியமானது. "வேர்டுல இந்த வசதி வேணும்"னு ஜனங்க கேட்டதுல நிறைய, ஏற்கெனவே வேர்டுல இருந்த வசதிகள்! இருக்கு, ஆனா யாரும் கண்டுபிடிக்கலை.

புத்திசாலி மெனு

இந்தக் கூட்டத்தைக் குறைக்க ஆஃபீஸ் 2000-ல ஒரு முயற்சி நடந்தது. நீங்க அடிக்கடி தொடுறதை மட்டும் மெனு காட்டும், மத்ததை மறைச்சு வைக்கும். உங்க பழக்கத்தைப் பார்த்து தானா மாறிக்கும். கேட்க நல்லாதான் இருக்கு. நடைமுறையில எரிச்சல்தான் மிச்சம். நேத்து நாலாவதா இருந்த வரி இன்னைக்கு ரெண்டாவதா இருக்கும், இல்லன்னா காணாமலே போயிருக்கும்.

சமையலறையில உப்பு டப்பாவை நாம தேடுறதில்லை, கை தானா போகும். அது எப்பவும் ஒரே இடத்துல இருக்கிறதுனாலதான். யாராவது தினமும் டப்பாவை "வசதியா" மாத்தி வச்சா சமையல் நடக்காது. ரிப்பன் டீம் இந்தப் பாடத்தை நல்லா பிடிச்சுக்கிட்டாங்க. ஒவ்வொரு வசதிக்கும் ஒரு நிரந்தர வீடு இருக்கணும், தானா இடம் மாறுற யூஐ வேண்டாம்னு முடிவு பண்ணாங்க. படத்தையோ டேபிளையோ தேர்ந்தெடுத்தா மட்டும் அதுக்கான டேப் கூடுதலா வரும். மத்தது இருந்த இடத்துலயே இருக்கும்.

எண்ணிக்கை சொன்னது, சொல்லாதது

எதைப் பெருசாக் காட்டுறது, எதைச் சிறுசா வைக்கிறது? இதுக்கு அவங்க கையில தரவு இருந்தது. ஆஃபீஸ் 2003-ல சம்மதம் கொடுத்தவங்க எந்த கமாண்டை எத்தனை தடவை தொடுறாங்கன்னு கணக்கு சேர்ந்தது. வேர்ட் 2003-ல முதல் இடம் பேஸ்ட்டுக்கு. அடுத்து சேவ், காப்பி, அன்டூ, போல்ட். மொத்தப் பயன்பாட்டுல இந்த அஞ்சு மட்டுமே சுமார் 32 சதவீதம். ஹோம் டேப்ல இடது ஓரத்துல அவ்வளவு பெரிய பேஸ்ட் பட்டன் ஏன்னு இப்போ புரியுதா?

ஆனா ஒரு கமாண்டை எத்தனை தடவை தொட்டாங்கன்னுதான் இந்தத் தரவு சொல்லும். அது எவ்வளவு முக்கியம்னு சொல்லாது. மெயில் மெர்ஜை எடுத்துக்கோங்க. மாசத்துக்கு ஒரு தடவை முந்நூறு கடிதம் அடிக்கிறவருக்கு அந்த ஒரு க்ளிக்தான் அன்னைக்கு முழு வேலையே. கிராஃப்ல அது கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி.

விரலுக்கு ஒரு நியாயம், கண்ணுக்கு ஒரு நியாயம்

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். எக்ஸல்ல ஆல்ட், இ, எஸ்னு வரிசையா அழுத்திப் பாருங்க. பேஸ்ட் ஸ்பெஷல் திறக்கும். ஆனா 'இ' எங்கேருந்து வந்தது? பழைய எடிட் மெனுவோட முதல் எழுத்து அது. மெனு போயே போச்சு, ஷார்ட்கட் மட்டும் உயிரோட இருக்கு. ஆஃபீஸ் 2003-ல பழகின கீ வரிசைகள் புதுசுலயும் வேலை செய்யணும்னு டீம் தெரிஞ்சேதான் விட்டு வச்சாங்க. கீபோர்டுல பறக்கிற அக்கவுன்ட்ஸ் ஆளுங்களுக்குப் பெருசா சேதம் இல்லை.

மௌஸை நம்பினவங்களுக்கு? "மூணாவது மெனு, கீழேருந்து ரெண்டாவது வரி"ன்னு இடத்தை வச்சே வேலை கத்துக்கிட்டவங்க ஏராளம். அவங்களுக்குப் பழைய மெனு திரும்பக் கிடைக்க வேர்ட், எக்ஸல், பவர்பாயின்ட் எதுலயும் ஒரு ஸ்விட்ச் கூட வைக்கலை. அதுக்கும் ஒரு எஞ்சினியரிங் நியாயம் உண்டு: பழசு, புதுசு ரெண்டையும் காலம் பூரா பராமரிக்கணும், ஒவ்வொரு புது வசதியையும் ரெண்டு இடத்துல வைக்கணும், ரெண்டையும் டெஸ்ட் பண்ணணும். அந்த வெற்றிடத்தை மத்தவங்க நிரப்பினாங்க. பழைய மெனுவைத் திரும்பக் கொண்டு வர்ற ஆட்-இன்கள் தனியா வந்துச்சு.

யோசிச்சுப் பாருங்க. ஆபீஸ்ல பத்து வருஷமா "வேர்டுல சந்தேகமா, அந்த அக்காகிட்ட கேளு"ன்னு பேர் வாங்கின ஒருத்தர், ஒரு திங்கக்கிழமை காலையில பிரின்ட் எங்கே இருக்குன்னு தேடிட்டு இருக்கார். போனது பத்து நிமிஷம் மட்டும் இல்லை, அவர் சம்பாதிச்ச மரியாதையும் சேர்த்துதான்.

பிரின்ட்னு சும்மா சொல்லலை. 2007-ல ஃபைல் மெனுவை எடுத்துட்டு இடது மூலையில ஆஃபீஸ் சின்னம் போட்ட வட்ட பட்டன் ஒண்ணு வச்சாங்க. சேவ் ஆஸ், பிரின்ட் எல்லாம் அதுக்குள்ள. பல பேர் அதை வெறும் லோகோன்னு நினைச்சு தொடவே இல்லை. ஆஃபீஸ் 2010-ல ஃபைல்ங்கிற வார்த்தையே டேப்பா திரும்பி வந்துடுச்சு.

பிளெண்டர் பிடிச்ச வழி

இதே சிக்கலை வேற மாதிரி கையாண்டதுக்கு உதாரணம் பிளெண்டர். 3டி வேலைக்கான ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். அதுல ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க ரைட் க்ளிக் பண்ணணும். புதுசா வர்றவங்க எல்லாரும் முதல் நிமிஷமே முழிப்பாங்க. 2019 ஜூலையில வந்த 2.80 பதிப்புல லெஃப்ட் க்ளிக்கை டீஃபால்ட் ஆக்கினாங்க. ஆனா முதல் தடவை திறக்கும்போதே கேட்டுடும்: லெஃப்டா, ரைட்டா? பழைய 2.7 வரிசை ஷார்ட்கட்டே வேணுமா? புதுசா வர்றவங்களுக்குக் கதவு திறந்தது, பழைய ஆளுங்க கையும் கட்டப்படலை. க்ளிக்கையும் ஷார்ட்கட்டையும் மாத்தி வைக்கிறது, முழு மெனுவையும் ரெண்டு தடவை கட்டுற அளவு செலவில்லை. அதனால அங்கே இது சாத்தியமாச்சு.

நம்ம கைக்கு வந்தா

ரிப்பன் தோல்வின்னு நான் சொல்லலை. இத்தனை வருஷம் நிலைச்சு நிக்குது. இன்னைக்கு அதை எடுத்தா அதுக்கும் சண்டைக்கு வருவீங்க! 1,500 கமாண்டை மெனுவுலயே வச்சிருக்க முடியாதுங்கிறதும் உண்மை. என் பாயின்ட் இதுதான்: யூஐ பாதி ஸ்க்ரீன்ல இருக்கு, மீதி பாதி பயன்படுத்துறவங்க உடம்புல இருக்கு. ஸ்க்ரீன் பாதி நம்மளோடது. இன்னொரு பாதி அவங்க வருஷக்கணக்கா உழைச்சு சேர்த்தது.

அதனால உங்க டீம்ல ரீடிசைன் மீட்டிங் வந்தா ஒரு கேள்வி கேளுங்க: "இதுல யாரோட பழக்கத்தைக் காப்பாத்துறோம், யாரோடதை அழிக்கிறோம்?" கீபோர்டு ஆளுங்க சத்தமா புகார் பண்ணுவாங்க, அவங்க குரல் எப்படியும் வந்து சேரும். ஓரமா உட்கார்ந்து மெனு வரியை எண்ணி வேலை செய்றவங்க புகார் எழுத மாட்டாங்க. பக்கத்து சீட்காரர்கிட்ட கேட்டுட்டு, தனக்குத்தான் புரியலைன்னு நினைச்சுப்பாங்க. டெஸ்டிங்குக்கு முதல்ல கூப்பிட வேண்டியது அவங்களைத்தான்.

உங்க கைக்குப் பழகின எந்த பட்டன் ஒரு அப்டேட்ல காணாமப் போச்சு? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சிலதை எடுத்துப் பேசுவோம்.