கடைக் கணக்குக்கு எந்தப் பதிப்பு?

உரிமக் கட்டணம் இல்லாத திறந்த மூல மென்பொருளில் பில் போடவும் இருப்பு பார்க்கவும் விரும்பும் வணிகர்கள் முதலில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரே மென்பொருள் இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று நிலையான பதிப்பு. மற்றது இன்னும் வேலை நடந்துகொண்டிருக்கும் உருவாக்கப் பதிப்பு. மும்பையில் தோன்றிய இ.ஆர்.பி.நெக்ஸ்ட் மென்பொருளில் முன்னதற்கு ‘வெர்ஷன்-15’ என்பதுபோல் எண் இருக்கும். பின்னதற்கு ‘டெவலப்’ என்று பெயர்.

அரிசி மண்டிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புது அரிசி குழையும்; பழைய அரிசி உதிரியாக நிற்கும். ஆனால் மண்டியில் பழையதற்கு விலை கூடுதல். இங்கே இரண்டும் இலவசம் என்பதால் கை தானாகவே புதியதன் மேல் போகிறது.

1993இல் தொடங்கிய டெபியன் என்னும் இயங்குதளத்தைப் பாருங்கள். நம் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் இதை அடிப்படையாகக் கொண்டதுதான். புதிய சரக்கு முதலில் நிலையற்ற பிரிவில் இறங்கும். அதற்கு ‘சிட்’ என்று பெயர். பொம்மைகளை உடைக்கும் ஒரு சினிமாச் சிறுவனின் பெயராம், பொருத்தம்தான்! பிறகு சோதனைப் பிரிவு. அங்கே தவறுகளைக் களைந்து, சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நிலையான பதிப்பாக வெளியிடுகிறார்கள்.

இந்தக் காத்திருப்பின் பயன் 2024 மார்ச் 29 அன்று தெரிந்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்ற சிறு மென்பொருளில், நம்பிக்கை பெற்ற ஒருவரே திருட்டு வழி வைத்திருந்தார். கம்ப்யூட்டருக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். அதற்குள் அது டெபியனின் நிலையற்ற, சோதனைப் பிரிவுகளில் நுழைந்துவிட்டது. நிலையான பதிப்பை எட்டவில்லை.

நம் தொழிலுக்கு இதைவிடப் பெரிய சங்கதி பேரேடு. புதிய பதிப்பு பழைய கணக்கைத் திறக்கும்போது அதன் அமைப்பையே தனக்கேற்ப மாற்றிக்கொள்வதுண்டு. பிறகு பழைய பதிப்பால் அதைப் படிக்க முடியாமல் போகலாம். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். ஆகவே கடைக் கணக்கு நிலையான பதிப்பில்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

“வரி மாறிவிட்டது, புதிய பதிப்பு போட்டே ஆகவேண்டும்” என்று சொல்வோர் உண்டு. 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, ஷாம்பு, தலை எண்ணெய் ஆகியவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அதற்குப் பொருள் பட்டியலில் விகிதத்தை மாற்றினால் போதும். ரிட்டர்ன் படிவமே மாறினால் திருத்தம் தேவைதான். அது நிலையான பதிப்புக்கு வந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நிலையானது என்றால் உறைந்து போனது அல்ல, தவறு திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும்.

அதற்கும் ஆயுள் உண்டு. டெபியன் பதிப்பு ஒன்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மொத்தம் ஐந்து ஆண்டுகள். அதற்கு முன்பே அடுத்த நிலையான பதிப்புக்கு மாறிவிட வேண்டும்.

உருவாக்கப் பதிப்பைப் பார்க்க ஆசையிருந்தால் வேறொரு கம்ப்யூட்டரில், கணக்கின் நகலை மட்டும் வைத்துப் பாருங்கள். கடைக் கம்ப்யூட்டரில் எந்த மாற்றம் செய்வதானாலும், நகல் வேறு இடத்தில் திறக்கிறதா என்று சரிபார்த்த பிறகே செய்யுங்கள். மாதாந்திர ரிட்டர்ன் போடுகிறவர்கள் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கடக்கட்டும். 21க்குப் பிறகு கை வைக்கலாம்.