இறந்த நிலத்திற்கு உயிரூட்டல்

ஃபிக்ஹு நூல்களில் ‘இஹ்யாவுல் மவாத்’ என்றொரு பாடம் உண்டு. உரிமையாளரின்றிப் பயன்படாது கிடக்கும் நிலம் ‘மவாத்’. அதற்கு உயிரூட்டுதல் ‘இஹ்யா’. அவ்வாறு உயிரூட்டியவருக்கே அந்நிலம் உரியது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். கல் நட்டு எல்லை வகுத்துவிட்டு மூன்றாண்டுகள் வாளாவிருப்பவர் அவ்வுரிமையை இழப்பார் என்பது உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு. உரிமை தருவது வேலியன்று, உழைப்பே என்பது இதன் கருத்து. ஆட்சியாளரின் அனுமதி தேவை என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). தேவையில்லை என்றார் இமாம் ஷாஃபிஈ (ரஹ்). எனினும், ஊரார் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் நம்பியிருக்கும் நிலம் மவாத் ஆகாது எனச் சட்டமேதைகள் வரையறுத்துள்ளனர்.

இவ்வளவுகோலைத் தென்சென்னைப் புறநகரில் வைத்துப் பார்ப்போம். பயனற்றதெனக் கருதிக் குப்பை கொட்டப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு, உண்மையில் சுற்றுப்புற ஏரிகளின் வெள்ளத்தை ஏந்தும் நிலம். 2022இல் அது ராம்சார் தலமாக ஏற்கப்பட்டது. மெய்யாகவே இறந்தது நம் வீட்டைச் சுற்றிலும் இறுகிப்போன மண்தான். 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டி ஊர் மூழ்கியது. 2019 கோடையிலோ சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டன. பெய்த நீரை மண் உள்வாங்காததும் இவ்விரு துன்பங்களுக்குப் பொதுவானதொரு காரணமாகும்.

இதற்கொரு வழியை 1970களில் ஆஸ்திரேலியர்களான பில் மாலிசன், டேவிட் ஹோம்கிரன் ஆகியோர் ‘பெர்மாகல்ச்சர்’ என வகுத்தனர். சரிவுக்குக் குறுக்கே சமமட்ட வரப்பிட்டு நீரைத் தேக்குதல், இலைதழையால் மண்ணை மூடுதல், பின்பு மரமும் செடியும் கொடியும் ஒன்றையொன்று தாங்கும்படி நடுதல் ஆகியன இதன் படிகள். யோர்தானில் சாக்கடலை ஒட்டிய உவர்நிலத்தில் இம்முறையால் அத்தி காய்த்தது. புதுச்சேரிக்கு அருகே, மழையால் அரிக்கப்பட்ட செம்மண் மேட்டில் 1968இல் தொடங்கிய ஆரோவில்லும் வரப்பிட்டு, நாட்டு மரங்களை நட்டே காடாயிற்று. நம் தாம்பரத்திலும் சான்றுண்டு. 1937இல் இங்கு குடிபெயர்ந்த கிறித்தவக் கல்லூரியின் 365 ஏக்கர் முட்புதர் நிலத்தில், வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் தம் துணைவியாருடன் மரங்களை நட்டுப் பேணினார். இன்று அங்கே புள்ளிமான்கள் உலவுகின்றன.

நம் கைவசமும் பள்ளிவாசல், மதரஸா வளாகங்களும் கபரஸ்தான்களும் உள்ளன. அன்றாடம் உளூச் செய்த நீர் சாக்கடைக்கே செல்கிறது. அந்நீரால் மீண்டும் உளூச் செய்ய இயலாதாயினும் அது அசுத்தமன்று என்பதே ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் ஏற்கப்பட்ட தீர்ப்பு. எனவே வாழைக்கும் முருங்கைக்கும் அதனைப் பாய்ச்சத் தடையேதுமில்லை. வக்ஃபு நிலத்தில் விளைவது வக்ஃபுக்கே உரியது. அதன் பயன் ஏழை எளியோரைச் சென்றடைய வழிசெய்யலாம். நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ உண்பதும் நட்டவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழி.

சுற்றுச்சுவர் எழுப்பியதோடு நம் கடமை முடிந்ததெனக் கருதுவோமாயின், கல் நட்டுவிட்டு வாளாவிருந்தவருக்கும் நமக்கும் வேறுபாடில்லை. வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர், ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் வளாகத்தில் ஒரு வரப்பையேனும் அமைக்கட்டும். அல்லாஹ் அருள்புரிவானாக!