கிராக்கன்: மீனவர் சொன்னதும் ஏட்டில் வளர்ந்ததும்

நார்வே நாட்டின் மேற்குக் கரையிலுள்ள பெர்கன் நகரின் ஆயராக இருந்த எரிக் பொந்தோப்பிதான், 1752, 1753 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்ட 'நார்வேயின் இயற்கை வரலாறு' என்னும் நூலே, வடகடல் மீனவரின் வாய்மொழியில் உலவிவந்த கிராக்கன் என்னும் பெருவிலங்கைப் படித்தவர் உலகுக்கு விரிவாக எடுத்துச் சொன்னது. பாய்மரக் கப்பலைக் கைகளால் சுற்றி வளைத்து ஆழத்துக்குள் இழுத்துச் செல்லும் கொடிய உயிராகவே திரைப்படங்களும் சிறுவர் நூல்களும் இன்று கிராக்கனைக் காட்டுகின்றன. ஆயரின் நூலைப் படிப்பவருக்குக் கிடைப்பதோ பெரிதும் வேறான ஒரு சித்திரம்.

கோடையில் கடல் அமைதியாக இருக்கும் நாட்களில், கரையிலிருந்து சில மைல் தொலைவு படகு வலித்துச் செல்லும் மீனவர், ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்ப்பது வழக்கம். 80 முதல் 100 பாகம் வரை ஆழம் இருக்க வேண்டிய இடத்தில் 20 அல்லது 30 பாகத்திலேயே குண்டு தட்டிவிட்டால் அடியில் கிராக்கன் கிடக்கிறது என்று அவர்கள் கொண்டார்கள் என்கிறார் பொந்தோப்பிதான். (பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம், ஏறத்தாழ 6 அடி, தமிழகக் கடற்கரையிலும் ஆழத்தை அளக்க இதுவே வழங்கிவரும் அளவு.) அவ்வாறு அறிந்ததும் அவர்கள் அஞ்சி ஓடவில்லை, தூண்டிலை இறக்கினார்கள். கிராக்கனுக்கு மேலே காட் முதலான மீன்கள் திரண்டு நிற்கும் என்பதால், அள்ள அள்ளக் குறையாத மீன்பாடு கிடைத்தது. அளவுக்கு மீறி மீன் கொண்டுவந்தவனைக் கண்டால், கிராக்கன் மேல் நின்று பிடித்தாயோ என்று கேட்கும் வழக்கும் அங்கே இருந்தது. ஆழம் மெல்ல மெல்லக் குறைந்துவருவதைக் கயிறு காட்டினால் விலங்கு மேலெழுகிறது என்று உணர்ந்து, தூண்டில்களைச் சுருட்டிக்கொண்டு விரைவாகத் துடுப்பு வலித்து விலகிவிடுவார்கள். சற்று நேரத்தில் அதன் முதுகு சிறு தீவுகளின் கூட்டம்போல் நீருக்கு மேல் தோன்றும். மீண்டும் அது அமிழும்போது எழும் சுழலே படகுகளுக்கு உண்மையான ஆபத்தாகக் கருதப்பட்டது.

இந்த வருணனை அச்சத்தின் மொழியில் அமைந்ததன்று என்பதைக் கவனிக்க வேண்டும். கடலடியில் திடீரென உயரும் மேட்டுத் திட்டுகளில் மீன் திரள்வது எல்லாக் கடல்களிலும் மீனவர் அறிந்த செய்தி. தமிழக மீனவர் 'பார்' என்று வழங்கும் கடலடிப் பாறைத்திட்டு அத்தகையதே. எங்கே ஆழம் குறைகிறது, எங்கே மீன் நிற்கிறது, எந்த அறிகுறி கண்டால் இடத்தைவிட்டு அகல வேண்டும் என்னும் தொழிலறிவை, தலைமுறை தலைமுறையாக நினைவில் நிறுத்தும் வடிவமாகவே கிராக்கன் கதை பயன்பட்டிருக்கிறது என்று கொள்வது பொருந்தும். கதையைச் சொன்னவர்களை மூடநம்பிக்கையாளர் என்று தள்ளிவிட்ட பிற்கால நூலாசிரியர்கள் இந்தப் பயன்பாட்டைக் காணத் தவறிவிட்டார்கள்.

பொந்தோப்பிதானும் மிகைப்படுத்தாதவர் அல்லர். விலங்கின் சுற்றளவை ஒன்றரை மைல் என்கிறார். நடுத்தரக் கப்பலின் பாய்மரம் அளவு உயர்ந்த கைகள் அதற்கு உண்டு என்கிறார். அக்கைகள் பற்றினால் பெரிய போர்க்கப்பலும் மூழ்கும் என்று சொல்லப்படுவதையும் ஓரிடத்தில் குறிப்பிடுகிறார். ஆனால், அது மனிதருக்கு இழைத்த தீங்கென்று அவரால் எடுத்துக்காட்ட முடிந்தது மிகச் சொற்பம். 1680ஆம் ஆண்டில் வட நார்வேயின் ஆல்ஸ்தஹௌக் என்னும் பங்கின் கரையோரப் பாறைகளிடையே இளம் கிராக்கன் ஒன்று சிக்கி இறந்து, அழுகி நாறியது என்ற செய்தியையும் அவர் பதிவுசெய்திருக்கிறார்.

போர்க்கப்பலை மூழ்கடிக்கும் என்ற அந்த ஒற்றைக் கேள்விச் செய்தியை முழு உருவமாக வளர்த்தெடுத்தவர் கடலில் தொழில் செய்தவர் அல்லர். பாரிஸ் நகரத்து அறிஞர் ஒருவர். சிப்பி, நத்தை, கணவாய் முதலிய மெல்லுடலிகளைப் பற்றிப் பல தொகுதிகளாக நூல் எழுதிய பியேர் தெனி த மோன்ஃபோர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கோலாக் கடலில் ராட்சதப் பேய்க்கணவாய் ஒன்று, அதாவது ஆக்டோபஸ், கப்பலைத் தாக்கியது என்று எழுதினார். அதற்கு அவர் காட்டிய சான்று, உயிர் தப்பிய மாலுமிகள் நேர்த்திக்கடனாகப் பிரான்சின் சேன்-மாலோ நகரத்துச் சிற்றாலயம் ஒன்றில் மாட்டிவைத்ததாகச் சொல்லப்பட்ட ஓவியமே. பாய்மரங்களில் கைகள் படர, கப்பல் சாய்ந்து நிற்கும் காட்சியாக அவர் நூலில் அச்சான படம் ஐரோப்பா முழுவதும் பரவியது. இன்றைய திரைப்படக் கிராக்கனின் முன்னோடி அந்தப் படமே. சக அறிஞர்கள் மோன்ஃபோரை நம்ப மறுத்தார்கள். மதிப்பிழந்த அவர் வறுமையில் இறந்தார். அந்த மறுப்பினால் நேர்ந்த கெடுதல் ஒன்றுண்டு. பெருங்கணவாய் என்று எவர் வாயெடுத்தாலும் அதுவும் கட்டுக்கதை என்று ஒதுக்கும் போக்கு அறிவியல் அவைகளில் சில பத்தாண்டுகள் நீடித்தது.

அந்தப் போக்கை உடைத்தவர் டென்மார்க்கின் விலங்கியலாளர் யாப்பெதூஸ் ஸ்டேன்ஸ்ட்ரூப். 1853இல் ஜட்லண்டுக் கரையில் ஒதுங்கிய பெருங்கணவாய் ஒன்றை ஊரார் தூண்டில் இரைக்காகத் துண்டு துண்டாக வெட்டிவிட, எஞ்சிய அலகு அவர் கைக்கு வந்தது. கணவாய் இனங்களுக்குக் கிளியின் அலகை ஒத்த கடினமான வாயுறுப்பு உண்டு. அதன் அளவைக் கொண்டே உடலின் பருமனை மதிப்பிடலாம். பழைய ஐஸ்லாந்துப் பதிவுகளையும் ஒப்புநோக்கிய ஸ்டேன்ஸ்ட்ரூப், 1857இல் ஆர்கிடியூதிஸ் என்னும் புதிய பேரினத்தை அறிவித்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1861 நவம்பர் 30 அன்று, கானரித் தீவுகளுக்கு அருகில் பிரெஞ்சுக் கடற்படையின் அலெக்தோன் என்னும் கப்பல் இத்தகைய விலங்கு ஒன்றை மிதக்கக் கண்டு சுட்டது; சுருக்குக் கயிறு போட்டு இழுத்தபோது உடல் நழுவி, வால் துண்டு மட்டுமே மிஞ்சியது.

முழு உடலும் கண்ணுக்குக் கிடைத்தது நியூபவுண்ட்லாந்துத் தீவில். 1873 அக்டோபரில், அத்தீவின் கன்செப்ஷன் விரிகுடாவில், மிதந்துகொண்டிருந்த ஏதோ ஒன்றைக் கொக்கிக் கம்பால் குத்திய மீனவரின் சிறு படகை இரு கைகள் வந்து வளைத்தன. படகிலிருந்தவர் அவற்றைக் கோடரியால் வெட்டிப் போட்டு மீண்டார்கள். வெட்டுண்ட கையில் 19 அடி நீளமுள்ள துண்டு, செயின்ட் ஜான்ஸ் நகரில் போதகராக இருந்த மோசஸ் ஹார்வியிடம் வந்து சேர்ந்தது. அடுத்த மாதமே, லோகி விரிகுடாவில் மீன் வலையில் சிக்கி இறந்த முழுக் கணவாய் ஒன்றை அவர் 10 டாலருக்கு விலைக்கு வாங்கினார். அதைத் தம் வீட்டுக் குளியல்தொட்டியின் மேற்கம்பியில் கைகள் தொங்கும்படி போட்டு அவர் எடுப்பித்த ஒளிப்படம், அதுவரை எந்தச் சொல்லாலும் சாதிக்க முடியாததைச் சாதித்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆடிசன் வெரில் அவ்வுடலை ஆராய்ந்து முறையாக விவரித்தார். நூற்றாண்டுக் கணக்கான ஐயம் தீர்ந்ததில் மீனவர் வலைக்கும், அதில் சிக்கியதன் மதிப்பை உணர்ந்த ஒரு போதகரின் கைப்பணத்துக்கும் இருந்த பங்கு, எந்த ஆய்வுக் கழகத்தின் பங்குக்கும் குறைந்ததன்று.

பெருங்கணவாய்க்கு எட்டுக் கைகளும், இரை பிடிக்கும் மிக நீண்ட இரு கைகளும் உண்டு. நீட்டிய கைகளையும் சேர்த்து அளந்தால் பெண் விலங்கு 12 அல்லது 13 மீட்டர் வரை வளரும். உடலைப் பொதிந்த மேலுறை மட்டும் 2 மீட்டரைச் சற்றுத் தாண்டும். கண்ணின் விட்டம் ஏறத்தாழ 27 செ.மீ. தசையில் கலந்துள்ள அமோனியம் உப்பு நீரில் மிதக்க உதவுகிறது. இறந்த உடல் மேலே மிதந்து வருவதற்கும், அதன் இறைச்சி உண்ணத் தகாததாக இருப்பதற்கும் காரணம் இதுவே. இதன் பெரும்பகைவன் ஸ்பெர்ம் திமிங்கலம். கணவாயின் அலகு செரிக்காமல் அத்திமிங்கலத்தின் குடலை உறுத்த, அதைச் சுற்றி உருவாகும் மெழுகுப் பொருளே அம்பர்கிரீஸ். தமிழகக் கடலோரத்தில் கடத்தல்காரரிடம் சிக்கியதாக நாளிதழ்களில் அடிக்கடி செய்தியாகும் அந்தப் பொருளினுள்ளும் கணவாய் அலகுகள் புதைந்து கிடப்பதுண்டு.

உயிருள்ள பெருங்கணவாயை அதன் இருப்பிடத்திலேயே முதலில் படம்பிடித்தவர்களுக்கும் வழிகாட்டியது திமிங்கலமே. ஜப்பானின் சுனெமி குபோதெராவும் கியோய்ச்சி மோரியும், ஒகசாவரா தீவுகளருகே ஸ்பெர்ம் திமிங்கலங்கள் கூடி இரைதேடும் இடத்தைத் தேர்ந்து, இரை கட்டிய கயிற்றோடு ஒளிப்படக் கருவியை இறக்கினார்கள். 2004 செப்டம்பர் 30 அன்று, 900 மீட்டர் ஆழத்தில், தூண்டிலில் சிக்கி நான்கு மணி நேரத்துக்கு மேல் போராடிய கணவாயின் 500க்கும் மேற்பட்ட படங்கள் பதிவாயின. அசைவற்று மிதந்து இரைக்குக் காத்திருக்கும் மந்தமான உயிர் என்ற எண்ணத்தை அப்படங்கள் மாற்றின. அது முனைந்து பாய்ந்து தாக்கும் வேட்டையாடி. 2012இல் ஆழ்கடல் ஊர்தியிலிருந்து அதன் அசைபடமும் கிடைத்தது.

இவற்றையெல்லாம் கொண்டு, கிராக்கன் என்பது பெருங்கணவாயே என்று பல நூல்கள் முடித்துவிடுகின்றன. அம்முடிவு அவசரமானது. கைகளுக்கும், ஆல்ஸ்தஹௌக் கரையில் அழுகிய உடலுக்கும் கணவாய் விடையாகலாம். தீவு போன்ற முதுகுக்கும், அதைச் சுற்றித் திரளும் மீனுக்கும் அது விடையாகாது. நார்வேயில் 1250ஆம் ஆண்டளவில் தந்தை மகன் உரையாடலாக எழுதப்பட்ட 'மன்னர் கண்ணாடி' என்னும் நூல் ஹாஃப்குஃபா என்னும் கடல் விலங்கைக் கூறுகிறது. பிற்கால எழுத்தாளர் அதைக் கிராக்கனோடு ஒன்றாக்கினார்கள். அது தான் உண்டதைக் கக்கி மீன்களை ஈர்த்து, வாயைத் திறந்தபடியே அசையாமல் இருந்து, மீன்கள் உள்ளே நிறைந்ததும் மூடிக்கொள்ளும் என்பது அந்நூலின் கூற்று. 2010களில், கனடாவின் வான்கூவர் தீவுக் கரையில் கூனல் திமிங்கலங்களும், தாய்லாந்து வளைகுடாவில் பிரைட் திமிங்கலங்களும் நீர்மட்டத்தில் வாயை அகலத் திறந்து அசையாமல் காத்திருந்து, மீன்கள் தாமாகவே உள்ளே புகுந்தபின் வாயை மூடுவதை ஆய்வாளர்கள் கண்டு பதிந்தார்கள். 2023இல் ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தார் திமிங்கலங்களின் இந்தப் பழக்கத்தையும் 'மன்னர் கண்ணாடி'யின் கூற்றையும் ஒப்பிட்டு, ஹாஃப்குஃபா என்று பழைய நார்வேயர் எழுதியது திமிங்கலத்தின் இந்த இரைகொள்ளும் முறையையே என்று வாதிட்டார்கள். அவர்கள் வாதம் ஏற்கத்தக்கதாகவே தோன்றுகிறது. ஏனெனில் அந்த நூலாசிரியர் ஹாஃப்குஃபாவை விலங்கென்றோ பூதமென்றோ பிரித்துப் பேசவில்லை, ஐஸ்லாந்துக் கடலின் திமிங்கல வகைகளை ஒவ்வொன்றாக விவரிக்கும் அதே பகுதியில் அவற்றோடு சேர்த்தே அதையும் வைத்திருக்கிறார்.

(தொடரும்)